ஆறாவது பெயர்

கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பவர் ஒஸ்வால்ட். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அதனால் கதவுநிலை வளைந்து தெரிவதையும், எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு நிற்பதையும் எந்த டொக்டரிடமும் அவர் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மனைவி பேர்ணடெற் பெயர்த்தாளை வாசிப்பாள். அவர் பாடமாக்கிக்கொள்வார்.

“ஊரை ஏமாத்துறது சரி, உங்கட கண்ணையுமா ஏமாத்தப் போறீங்க?” என்பாள்.

அந்த வாரம் ஐந்து பெயர்கள். ஞாயிறன்று கோயிலில் ஐந்தையும் ஒப்புவித்து முடித்தபோது, சாம்பல் பொட்டுக்குள் ஆறாவது பெயரொன்று அச்சடித்ததுபோல் நேராகத் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு கண்ணால் வாசிக்கும் சந்தோஷத்தில் அதையும் உரக்க வாசித்தார்.

“பேர்ணடெற் ஒஸ்வால்ட்.”

முன்வரிசையில் சிரித்தார்கள்.

“ஆள் இருக்கேக்கயே பூசை வச்சிட்டீங்களே, மனுசா!” என்று திட்டிக்கொண்டே, திங்கட்கிழமை அவள் அவரைக் கண் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டொக்டர் நெடுநேரம் பார்த்தார். “கோடு வளைஞ்ச நேரமே வந்திருக்கணும். போன பார்வை இனித் திரும்பாது.”

ஒஸ்வால்ட் வெளியே வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, தனியப் போகேலாது. யாரோட வந்தீங்க, அங்கிள்?” என்று நர்ஸ் கேட்டாள்.

அவர் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

“அதில ஒருத்தரும் இல்லையே.”

பேர்ணடெற் அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.