நாற்சந்தியில் நால்வர்

ஊர் நாற்சந்தியில் நான்கு திசையிலிருந்தும் நான்கு வண்டிகள் ஒரே நொடியில் வந்து நின்றன. நான்கு பக்கமும் ‘நில்’ பலகை. விளக்குக் கம்பம் கிடையாது.

சட்டப்படி, வலது பக்கத்தில் நிற்பவருக்கு வழிவிட வேண்டும்.

நான்கு பேருக்கும் வலது பக்கத்தில் ஒருவர் நின்றார்.

ஒரு வண்டியில் நான். எனக்கு எதிரே தீவனக் கடை ராய்ஸ். இடது பக்கம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வெல்மா. வலது பக்கத்துக் கார்க் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்ததால் ஒரு கை மட்டும் தெரிந்தது. அது ‘நீங்கள் முதலில்’ என்று ஆடியது. நானும் ஆட்டினேன். எங்கள் டெக்சஸில் முந்திக்கொண்டு போவது, சாப்பாட்டு மேசையில் தொப்பியோடு உட்காருவதற்குச் சமம்.

மரியாதை மட்டும் காரணமில்லை. இதே பலகையில் நிற்காமல் போனதற்குத்தான் என்மேல் வழக்கு. நீதிபதி ஹாட்டி க்ரௌடர் ஒரு கெடு வைத்து, தீர்ப்பைத் தள்ளி வைத்தார். கெடு முடிவதற்குள் இன்னொரு தப்பு நடந்தால் தீர்ப்பும் வரும், லைசென்சும் போகும் என்றார். அதே நாள் காலையில் ராய்ஸுக்கும் வெல்மாவுக்கும் அதே கெடுதான் கிடைத்தது.

கெடு இன்று மாலையோடு முடிகிறது.

தண்ணீர்த் தொட்டி நிழலில் ஊர்ப் போலீஸ்காரர் ஐஸ் உறிஞ்சியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் என் மனைவி ஓபல். அவளுக்கு டயாலிசிஸ் நேரம். தாமதமானால் மருத்துவமனையில் அவளுக்கு ஒதுக்கிய டயாலிசிஸ் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் போனாலோ, அவளை அங்கே கூட்டிப்போக ஆளே இல்லை.

“அன்னைக்கு நிக்கச் சொன்னா நிக்கல. இன்னைக்குப் போகச் சொன்னா போகலயே கிழவா!” என்றாள்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

ஒரு பிணந்தின்னிக் கழுகு பலகைமேல் வந்து உட்கார்ந்தது. எங்கள் நால்வரையும் நிதானமாகப் பார்த்தது. சற்று நேரத்தில் தன் ஜோடியையும் கூட்டி வந்தது.

ஓபல் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். “வர்றதுக்கு லேட் ஆகும்மா... இல்ல, ஆக்ஸிடென்ட் இல்ல. மரியாதை.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அப்போது ஒரு மேகம் வெயிலை மறைத்தது. வலது பக்கத்துக் காருக்குள் இருந்த முகம் தெரிந்தது.

நீதிபதி ஹாட்டி க்ரௌடர்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தை உத்தரவு போட்டால் போதும்.

அவர் கண்ணாடியை இறக்கினார். வேர்த்திருந்தது.

“நீங்களே முதல்ல போங்க ஆர்வில். பக்கத்து ஊர் ஜட்ஜ் எனக்குக் குடுத்த கெடுவும் இன்னைக்குச் சாயங்காலம்தான் முடியுது.”