நகல் முடியும்வரை

அப்பா கண்ணை மூடுவதற்குள் அவருடைய நினைவுகள் எல்லாம் படுக்கையறையிலிருந்து ஹாலில் இருந்த பெட்டிக்கு ஏறிவிட வேண்டும். வைஃபை இழுத்தடித்தது. செண்பகம் ரௌட்டரை இடம் மாற்றிப் பார்த்தாள், டிவியை அணைத்தாள், பக்கத்து வீட்டில் கெஞ்சி அவர்களுடைய வைஃபையையும் அணைக்க வைத்தாள். பலனில்லை.

“நீங்க பேசப் பேச அவருக்குப் புது நினைவு சேருது மேடம். ஃபைல் பெரிசாகிட்டே போகுது,” என்றாள் போனில் சர்வீஸ் பெண். “முடியற வரைக்கும் யாரும் உள்ள போகாதீங்க.”

செண்பகம் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தாள்.

“செண்பகம்... அம்மாடி, இருக்கியா?” உள்ளிருந்து அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் குரல் நின்றது. அதற்குள் நகல் முடிந்திருந்தது. அழுதுகொண்டே பெட்டியை இயக்கினாள்.

“செண்பகம்... அம்மாடி, இருக்கியா?”

“இருக்கேம்ப்பா. கதவுக்கு வெளியிலயேதான் இருந்தேன்.”



“அப்போ ஏம்மா வரல?”