இழுக்காத வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், நாமக்கல் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த நாச்சிமுத்து, பழைய சாமான்களை வாங்கி வீட்டிலேயே ஒரு ஸ்கூட்டர் கட்டினார். மனைவி சௌந்திரத்தை எருமப்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரத் தோதாக இடப்பக்கம் ஒரு மிதிபலகையும் பொருத்தினார். பெயின்ட் காய்வதற்குள் அவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வண்டியில் ஒருநாளும் ஏறவில்லை.

வண்டி இழுக்கவேயில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ரிங் மாற்றினார். கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டார். அப்போதும் சின்ன மேட்டிலேயே திணறியது.

சௌந்திரத்தின் தம்பி தங்கசாமி சைக்கிளில் பின்னாலேயே வந்து பார்த்தான்.

"மச்சான், நீங்க ஒத்தையாத்தான போறீங்க? பின் ஸ்பிரிங்கு டபுள்ஸ் போறாப்பல அமுங்குதுங்க. எடப்பக்கமா வேற சாயுது."

பின்சீட்டையும் மிதிபலகையையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி பறந்தது.

"இப்பச் சரியாப் போச்சுங்க மச்சான்!"

நாச்சிமுத்து அன்று மாலையே இரண்டையும் திரும்ப மாட்டினார். மிதிபலகையைத் துணியால் துடைத்தார்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, ஏறி உட்கார்ந்து, வாசலிலேயே காத்திருந்தார்.

"எருமப்பட்டிக்குத்தான், உங்கம்மா ஊட்டுக்கு" என்றார்.

பின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. அதன் பிறகுதான் கிளட்சை விட்டார்.