செயலாளரின் சொந்தப் பெட்டி

ஒளிவுமறைவில்லாத நிர்வாகமே மக்களாட்சியின் உயிர்மூச்சு என்று மாநாட்டில் முழங்கிவிட்டு அரசுச் செயலாளர் நாவரசன் வீடு திரும்பியபோது, அவருடைய சொந்த மின்னஞ்சல் பெட்டியை அரசாங்கம் ஊருக்கே திறந்துவிட்டிருந்தது. புதுச் சட்டம் அப்படி. சொந்த முகவரியிலிருந்து ஒரே ஒரு அரசுக் கடிதம் போனாலும் மொத்தப் பெட்டியும் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவரோ அணைக்கட்டு டெண்டர் முழுவதையும் அதில்தான் நடத்தியிருந்தார்.

நிருபர்கள் வந்து மொய்க்கப் போகிறார்கள் என்று சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அதிகாரிகளின் பெட்டிகள் தினமும் திறந்துகொண்டிருக்கும்போது டெண்டர் படிக்க யாருக்குப் பொழுதிருக்கிறது? தப்பித்தோம் என்று மூச்சுவிட்டார். கூடவே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"ஏங்க, நான் படிச்சிட்டுதான் இருக்கேன்," என்றாள் மனைவி மரகதவல்லி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கெதுக்கு மரகதம்? எல்லாம் ராஜாங்க விஷயம்."

"என் தம்பி கல்யாணத்தன்னிக்கு, தாலி கட்டுறதுக்குள்ள 'அவசரம், உடனே கோட்டைக்கு வரவும்'னு மெயில் வந்து ஓடுனீங்களே. எங்கப்பா அறுபதாம் கல்யாணத்துக்கும் அதேதான். தங்கச்சி வளைகாப்புக்கும்."

"நாடு கூப்பிட்டா போக வேண்டாமா?"

"கூப்பிட்டது யாருன்னும் இதுல போட்டிருக்குங்க."

நாவரசன் மின்விசிறியைப் பார்த்தார். தன் அலுவலக முகவரியிலிருந்து அவர் இதுவரை அனுப்பியவை அந்த மெயில்கள் மட்டும்தான். எல்லாமே தனக்குத்தானே அனுப்பிக்கொண்டவை.