விரல் வைக்காத சனிக்கிழமை

மாடிப்படியின் கீழே, பிஸ்கட் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், அவள் கடைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

வேலைக்கு வந்தாயிற்று. வேலை இன்னும் தொடங்கவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம் சேர்ந்தால் சூப்பர்வைசர் வந்து கூப்பிடுவார். போய் மெஷினில் விரல் வைக்க வேண்டும். அதிலிருந்துதான் நேரம் கணக்கு. கூட்டம் சேராவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். நின்ற நேரம் நின்றவளோடு போயிற்று.

காலையிலிருந்து மழை.

பக்கத்தில் ரெஜினா. அவளும் பகுதிநேரம்தான். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

சற்றுமுன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"மழையில ஆளையே காணோம். கூட்டம் வந்தாலும் பில் போட ஒருத்தர் போதும்."

யார் என்று சொல்லவில்லை.

இந்த வாரம் இருவருக்குமே இதுவரை வேலை கிடைக்கவில்லை. இன்று சனிக்கிழமை, வாரத்தின் கடைசி நாள். ஒரு வாரம் முழுக்க விரல் பதியாத பெயரை மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன மாதம் செல்லக்கனிக்கு அப்படித்தான் ஆயிற்று. யாரும் கோபமாகப் பேசவில்லை. அடுத்த முறை அவள் விரல் வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

முருகா, கூட்டம் வரட்டும்.

பாதியில் நிறுத்திக்கொண்டாள். வந்தால் ஒருத்திக்கு. தனக்கென்று கேட்டால், பக்கத்தில் நிற்பவளுக்கு வேண்டாம் என்று கேட்டதாகிவிடும். ரெஜினாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு வேண்டுதலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

ரெஜினா கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். மார்பில் ஈரம். அது மழையல்ல. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இவளுக்கு இப்போது வேண்டியது வேலையா, வீடா?

இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். வீடுதான் வேண்டுமென்றால் இந்த மழையில் வந்திருப்பாளா?

தன் வீட்டு அடுப்பும் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே தள்ளி வைத்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வாரேன் ரெஜினா."

"மெதுவா வாங்கக்கா. கூட்டமா இடிக்கி?"

இருவரும் சிரித்தார்கள்.

சொன்னது பொய். இந்த அளவுக்கு முருகன் பொறுத்துக்கொள்வான்.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குடோன் கதவு வழியாக வெளியே வந்தாள். வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றி, சகதியில் கால் பதித்து, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ரெஜினா அங்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

முன்வாசல் வழியாக வந்தால் தூரம் குறைவு; அப்படித்தான் வந்திருக்கிறாள்.

ரெஜினா நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தது நல்லதா, முட்டாள்தனமா என்று யாரைக் கேட்பது?

கடை வாசலில் ஒரு கல்யாண வேன் வந்து நின்றது. பட்டுச் சேலைகள் நனையாமல் உள்ளே ஓடின. இன்னொரு வேனும் வந்தது.

சூப்பர்வைசர் குடையை விரித்துக்கொண்டு சாலையின் பாதிவரை வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் இங்க என்னத்தச் செய்யுதீங்க? சீக்கிரம், யாராவது வாங்கம்மா."

அவள் ரெஜினாவின் தோளில் கைவைத்துத் தள்ளினாள்.

ரெஜினாவின் கை அதற்கு முன்பே அவள் முதுகில் இருந்தது.