கீழத்தெருவுக்கு வரும் சப்பரம்

கீழத்தெருவைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகும், திருவிழாவன்று நகரத்தின் பாதுகாவலரான வானதூதர் மிக்கேல் சம்மனசின் சப்பரம் அங்கே வராமல் இருந்ததில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, தார்ச்சாலை மணலில் முடிகிற இடத்தில் கடலைப் பார்த்து நிற்கும். எங்கெங்கோ குடிபோய்விட்ட தெருக்காரர்கள் அன்றைக்குத் திரும்பி வந்து, ஈரமணலில் அவரவர் வாசல் இருந்த இடத்தில், நேர்ச்சை உப்பும் மிளகும் ஏந்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

அந்த வருடம், அத்தெருவில் பிறந்த கிளமெந்தி முதல்முறையாகக் கணவன் ரெமிஜியுஸை அழைத்து வந்திருந்தாள். படம் பிடிப்பதற்காக அவன் அலைப்பக்கம் தள்ளிப் போனதும், பக்கத்து வீட்டுப் பிலோமியம்மா சத்தம் போட்டாள்.

"மருமவனே, அது எங்க அடுப்படி. செருப்போடயா நிக்கிறிய?"

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான்.

சப்பரம் வந்து நின்றதும் எல்லோரும் உப்பையும் மிளகையும் வீசினார்கள். பிலோமியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டுச்சத்தம் மேட்டில் ஏறித் தேய்ந்தது. சனம் சப்பரத்தின் பின்னால் போய்விட்டது.

"கிளம்பலாமா?" என்றான் ரெமிஜியுஸ்.

"கல்யாணமாகி மொத மொத வந்திருக்கிய. வாசலோட போவியளா?"

கிளமெந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். ஓரிடத்தில் நின்று தலையைத் தாழ்த்தினாள்.

"நம்ம வீட்டு நிலைவாசல் தாழ்வு. பாத்து வாங்க."

ரெமிஜியுஸ் நெட்டையானவன். நன்றாகவே குனிந்தான்.