மேல லைட்டு வந்துச்சா?

கேபிளைப் பிடுங்கியது அம்மாதான்.

வெறுமனே பிடுங்கிப் போட்டிருந்தால் மாஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பக்கத்தில் தூசி படிந்து கிடந்த பழைய ரூட்டரில் அதைச் செருகிவைத்தாள். எப்போதோ உயிரை விட்ட ரூட்டர். எதையும் தூக்கிப்போட மனசு வராத மாஸ்டர்தான் அதைப் புது வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே குடிவைத்திருந்தார்.

மாஸ்டர் என்றால் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர். பெற்ற மகளோடு மட்டும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணமும் இதே கேபிள்தான்.

கீழே அலமாரியில் ஒரு வைஃபை பெட்டி, மாடியில் மகள் அறையில் ஒரு பெட்டி. நடுவில் இருக்கும் கான்கிரீட்டைத் தாண்டி ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்கு எட்டவில்லை. மகள் டிரில்லிங் மெஷினை எடுத்தாள். மாடிப்படிச் சுவரில் ஓட்டை போட்டுக் கேபிளை இழுத்து இரண்டையும் இணைத்துவிட்டாள்.

அது, மாஸ்டர் லீவு போட்டுத் தன் கையாலேயே பெயின்ட் அடித்த சுவர்.

"இது வீடா, சல்லடையா?" என்று அவர் குதித்தார். "உங்க பெயின்ட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து கீழேயிருந்து "உன் பொண்ணுகிட்ட சொல்லு", மேலேயிருந்து "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு". எல்லாத் தகவலும் அம்மா வழியாகத்தான் ஏறி இறங்கின. அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

நாளைக் காலை மகள் வேறு ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். இப்படியே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாளோ என்று அம்மாவுக்குக் கவலை. அதனால்தான் இந்தத் திருட்டுவேலை.

சாயங்காலம், நினைத்தபடியே மாடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, மேல நெட் வரல. வெளியில இருந்து ஆளைக் கூப்பிடப் போறேன்!"

அம்மாவுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே கேட்கிற குரல்.

"வெளி ஆளா?" மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டார்ச்சோடு அலமாரிக்குள் தலையை விட்டார். கேபிளை அழுத்திப் பார்த்தார். பழைய ரூட்டரில் அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. புதுப் பெட்டியின் விளக்கு இதற்கும் சேர்த்துப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. மேல லைட்டு வந்துச்சான்னு கேளு."

"எனக்கு முட்டி வலி. நீங்களே கேளுங்க." அம்மா நாற்காலியில் சாய்ந்து முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மாஸ்டர் படிக்கட்டைப் பார்த்து, யாரையோ கேட்பதுபோலக் கேட்டார். "லைட்டு வந்துச்சா?"

"வரல." மேலே இருந்தவளும் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"பெட்டியை ஆஃப் பண்ணு. அவசரப்படாத. ம்... இப்ப ஆன் பண்ணு. மெதுவா, மெதுவா."

பெட்டியின் சுவிட்சுக்கும் கிளட்சுக்கும் அவருக்கு வித்தியாசம் கிடையாது.

"இப்ப?"

"இல்லப்பா."

அம்மா முட்டி தேய்ப்பதை நிறுத்தினாள். மாஸ்டர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்.

அதிலும் பலன் இல்லை. கேபிளை விரலால் தடவிக்கொண்டே படியேறினார். பாதிப் படியில், அந்த ஓட்டைக்கு முன்னால், நின்றுவிட்டார்.

ஓட்டையைச் சுற்றி மகள் பட்டி வைத்து, மீந்துபோன அவருடைய பெயின்ட்டையே எடுத்துப் பூசியிருந்தாள். சுவர் எங்கே முடிகிறது, பூச்சு எங்கே தொடங்குகிறது என்று அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

"ஓட்டையைச் சுத்தி நல்லாத்தான் பூசியிருக்க."

மேலேயிருந்து பதில் வந்தது.

"உங்க பிரஷ்லதான் பூசினேன். கழுவி வெச்சுட்டேன்பா."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இது போதும். ஓசைப்படாமல் எழுந்துபோய்க் கேபிளை உருவி, உயிரோடு இருக்கும் பெட்டியில் செருகினாள். டிக்கென்று உட்கார்ந்தது.

"இப்ப பாரு, வந்துச்சா?" படியில் நின்றபடியே கேபிளை ஆட்டிவிட்டு மாஸ்டர் கேட்டார்.

"இல்லப்பா. இன்னும் சிவப்புதான்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி உருவிச் செருகினாள். சரியாகத்தான் இருந்தது. பிடுங்கிய வேகத்தில் நிஜமாகவே எதையாவது உடைத்துவிட்டேனா?

"இரு, நானே வர்றேன்" என்று மாஸ்டர் மிச்சப் படிகளையும் ஏறிவிட்டார். சண்டைக்குப் பிறகு அவர் மாடிப்பக்கம் போவது இதுதான் முதல் தடவை.

மேலே பேச்சுக்குரல் கேட்டது. பிறகு ஏதோ உருளும் சத்தம். பிறகு சிரிப்பு. லைட்டைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டி வலியை மறந்து விறுவிறுவென்று படியேறினாள்.

அறை முழுக்கத் துணிமணி. மாஸ்டர் சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். மகள் கீழே மண்டிபோட்டு ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா, மெதுவா" என்று அவர் மேலேயிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மூலையில் பெட்டி சிவப்பாக எரிந்ததை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அம்மா குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள்.

மடித்துவைத்த துண்டுக்கு அடியிலிருந்து கேபிள் எட்டிப்பார்த்தது. அதன் முனை எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

நிமிர்ந்தாள். மகள், அப்பா பார்க்காதபடி, உதட்டில் விரலை வைத்தாள்.

அம்மா கீழே இறங்கி வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கேபிளை உருவி, மறுபடியும் அந்தப் பழைய ரூட்டரிலேயே செருகிவைத்தாள்.